நாயுடன் காரில் நெடும்பயணம்: முதன்முறையாகச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

வளர்ந்த நாய் ஒரு நாளின் பாதியைத் தூக்கத்திலேயே கழிக்கும். கார் என்பது படுத்து உறங்கத் தகுந்த இடம் என்று அதன் மனத்தில் பதிந்துவிட்டால், எட்டு மணி நேரப் பயணமும் அதற்கு ஒரு பொருட்டல்ல. வண்டி கிளம்பிய சிறிது நேரத்தில் சுருண்டு படுத்துவிடும். ஆனால் அப்படிப் பதிய வைப்பதற்கு மூன்று, நான்கு வாரங்கள் பிடிக்கும் என்பதை அறியாமல், புறப்படும் நாள் காலையில் மூட்டை முடிச்சுகளோடு நாயையும் அள்ளிப் பின்னிருக்கையில் போட்டுக்கொண்டு கிளம்புபவர்களே அதிகம். பிறகு வழியெல்லாம் அது முனகுகிறது, ஊளையிடுகிறது என்று அதன்மேல் சலித்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பயணத்தில் சங்கடம் தருபவை பல உண்டு. வாந்தி, குரைப்பு, இருக்கை முழுவதும் முடி, நாற்றம் ஆகிய எல்லாமே துடைத்தால் போய்விடுபவை. உயிரைப் பறிக்கக் கூடியவை மூன்று: நிறுத்தி வைத்த காருக்குள் ஏறும் வெப்பம், நெடுஞ்சாலை ஓரத்தில் யோசிக்காமல் திறக்கப்படும் கதவு, எதனோடும் பிணைக்கப்படாமல் வண்டிக்குள் திரியும் உடல். கீழே வரும் யோசனைகளில் சிலவற்றை உங்கள் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். இந்த மூன்றைப் பற்றியவற்றை மட்டும் மாற்றாமல் கடைப்பிடியுங்கள்.

அழைத்துச் செல்லத்தான் வேண்டுமா?

முதல் படி இதுதான், ஆனால் பலர் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். போய்ச் சேரும் இடத்தில் நாய் நாள் முழுவதும் அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டியிருக்குமானால், அதற்குப் பழக்கமான ஒருவரிடம் வீட்டில் விட்டுச் செல்வதே அதற்குச் செய்யும் நன்மை. தடுப்பூசி வரிசை முடியாத குட்டி, பிரசவ நாள் நெருங்கிய நாய், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நாய், இதய நோயோ வலிப்பு நோயோ உள்ள நாய் ஆகியவற்றை மருத்துவரின் ஒப்புதலின்றி நெடுந்தொலைவு கொண்டு செல்ல வேண்டாம். பக், புல்டாக், பிரெஞ்சு புல்டாக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு இனங்களைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். நாய்க்கு உடம்பு முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதன் மூலமே அது பெருமளவு வெப்பத்தை வெளியேற்றுகிறது. மூச்சுப் பாதையே குறுகலான இந்த இனங்களுக்கு அந்த வழியும் பாதி அடைபட்டிருப்பதால், கடும் வெயில் காலத்தில் இவற்றோடு நெடும்பயணத்தைத் திட்டமிடாமல் இருப்பது நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் இரவிலோ விடியற்காலையிலோ ஓட்டுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

பயணத்துக்குக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே கால்நடை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தடுப்பூசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடுவதில்லை என்பதுதான் இந்த அவகாசத்துக்குக் காரணம். எல்லை தாண்டும் பயணமாக இருந்தால் நாட்கணக்கு இன்னும் கறாராகும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், முதலில் நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப் என்ற சிறு அடையாளச் சில்லைப் பொருத்தி, அதன் பிறகு ரேபிஸ் தடுப்பூசி போட்டு, முதல் ஊசியானால் 21 நாட்கள் கழிந்திருக்க வேண்டும் என்கின்றன. இந்த வரிசை மாறினால் ஊசியை மறுபடியும் போடச் சொல்வார்கள். அமெரிக்காவோ 2024 ஆகஸ்டு முதல், உள்ளே வரும் எந்த நாய்க்கும் ஆறு மாத வயது நிறைந்திருக்க வேண்டும் என்றும் மைக்ரோசிப் இருக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. நீங்கள் செல்லும் இடத்தின் விதியை அந்த நாட்டு அரசின் இணையதளத்திலேயே நேராகப் படித்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்பதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

எல்லை தாண்டாவிட்டாலும் மைக்ரோசிப் பொருத்திக்கொள்வது நல்லது. அரிசி மணி அளவே உள்ள அந்தச் சிப்பில் பொதுவாக 15 இலக்க எண் ஒன்று மட்டுமே இருக்கும். உங்கள் பெயரோ தொலைபேசி எண்ணோ அதற்குள் இருப்பதில்லை. அந்த எண்ணோடு பதிவேட்டில் இணைக்கப்பட்டிருக்கும் தொலைபேசி எண் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நீங்கள் கைவிட்ட எண்ணாக இருந்தால், சிப் இருந்தும் பயனில்லை. கையோடு அதைச் சரிபார்த்துவிடுங்கள். சிப்பைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும் என்பதையும், அது இருப்பிடத்தைக் காட்டாது என்பதையும் மறக்க வேண்டாம். ஆகவே கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் பொறித்த தகடு ஒன்று தொங்கியே ஆக வேண்டும்.

செல்லும் பகுதியில் உண்ணித் தொல்லை உண்டா, கொசுவால் பரவும் இதயப்புழு நோய் உண்டா என்று கேட்டு, அதற்கான தடுப்பு மருந்தை வாங்கிக்கொள்ளுங்கள். பயணக் குமட்டலுக்கு நல்ல மருந்துகள் உண்டு. மாரோபிடன்ட் என்ற மாத்திரையைப் பல மருத்துவர்கள் இதற்கென எழுதித் தருகிறார்கள். அச்சம் மிகுந்த நாய்க்கு டிராசடோன், காபபென்டின் போன்றவற்றைத் தரக்கூடும். இவற்றின் அளவையும் கொடுக்கும் நேரத்தையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எந்த மருந்தானாலும் பயணத்துக்குச் சில நாட்கள் முன்பாக வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிடுங்கள். சில நாய்களுக்கு அமைதி மருந்தே நேர்மாறாக வேலை செய்து நிலைகொள்ளாமல் அலைய வைக்கும். அது ஓடும் வண்டிக்குள் தெரியவருவதைவிடக் கூடத்தில் தெரியவருவது மேல்.

"தூங்க வைக்க ஏதாவது ஊசி போட்டுவிடுங்கள்" என்று கேட்பது பழைய வழக்கம். அசெப்ரோமசின் போன்ற மயக்க மருந்துகள் உடலை அடக்குமே தவிர அச்சத்தைப் போக்குவதில்லை. இரத்த அழுத்தத்தைக் குறைத்து, உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் திறனையும் பாதிக்கும். அசைய முடியாமல், ஆனால் பயந்துகொண்டே கிடக்கும் நாய் வெளியிலிருந்து பார்க்க அமைதியாகத் தெரியும் என்பதுதான் இதில் உள்ள கொடுமை. உங்கள் மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிடமாலும் ஐபுபுரூஃபனும் நாய்க்கு நஞ்சாகக் கூடும்.

காரைப் பழக்குதல்

இந்தப் படிக்குத்தான் அதிக நாட்களை ஒதுக்க வேண்டும். பல நாய்கள் காரில் ஏறுவதே ஊசி போட்டுக்கொள்ளத்தான். கார் என்றால் மருத்துவமனை என்று அவை முடிவு கட்டியிருப்பதில் வியப்பில்லை. அந்த முடிவை மாற்ற வேண்டும்.

முதல் சில நாட்கள் இஞ்சினைத் தொடவே வேண்டாம். வீட்டு வாசலில் நிற்கும் காரின் கதவுகளைத் திறந்து வைத்து, நாய் பயன்படுத்தும் விரிப்பை அதன் இடத்தில் போட்டு, அதற்குப் பிடித்த தின்பண்டத்தை அங்கே வையுங்கள். தானாக ஏறட்டும், தூக்கி உள்ளே போட வேண்டாம். ஏறியதும் இறங்கினாலும் பரவாயில்லை. ஒருவேளை உணவை அங்கேயே கொடுக்கலாம். அது உள்ளே படுத்து மெல்லத் தொடங்கியதும் கதவை ஒரு நிமிடம் சாத்தித் திறங்கள். அடுத்த கட்டமாக, நீங்கள் உள்ளே உட்கார்ந்துகொண்டு இஞ்சினை இயக்கி, இரண்டு நிமிடத்தில் அணைத்துவிடுங்கள். பிறகு தெருமுனை வரை. பிறகு பத்து நிமிடம். பிறகு அரை மணி. ஒவ்வொரு ஓட்டமும் நாய்க்குப் பிடித்த இடத்தில், ஒரு மைதானத்திலோ நடைபாதையிலோ, முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஏதேனும் ஒரு கட்டத்தில் அது நடுங்கினாலோ, ஏற மறுத்தாலோ, கொட்டாவி விட்டு உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாலோ, அதற்கு முந்திய கட்டத்துக்குத் திரும்பிவிடுங்கள். அவசரப்பட்டு ஒரு நாளை மிச்சப்படுத்தப் போய் ஒரு வாரத்தை இழப்பதுண்டு.

நெடும்பயணத்துக்கு முன்பாக ஒன்றரை, இரண்டு மணி நேர ஒத்திகை ஓட்டம் ஒன்றாவது நடந்திருக்க வேண்டும். குமட்டும் நாயா, குரைக்கும் நாயா, தூங்கும் நாயா என்பது அந்த ஓட்டத்தில் தெரிந்துவிடும்.

இந்த வாரங்களிலேயே இன்னொரு பழக்கத்தையும் ஏற்படுத்துங்கள்: கதவு திறந்தாலும், நீங்கள் சொல்லும் வரை நாய் இறங்கக் கூடாது. "இரு" என்று சொல்லி, கதவைச் சிறிதளவு திறந்து, அது அசையாமல் இருந்தால் தின்பண்டம் கொடுத்து, கதவை மூடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை. இதன் அருமை வழியில் முதல் நிறுத்தத்தில் தெரியும்.

எங்கே, எப்படி உட்கார வைப்பது?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காருக்குள் இருக்கும் உடலும் அதே வேகத்தில்தான் சென்றுகொண்டிருக்கிறது. கார் மோதி நின்றால், பிணைக்கப்படாத உடல் நிற்காது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த வேகத்தில் எதன்மீதாவது மோதுவது சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக்கும் மேலிருந்து, தரையில் விழுவதற்குச் சமம். இருபது கிலோ எடையுள்ள நாய் அந்த வேகத்தில் பறந்து வந்தால் அதற்கு மட்டுமா ஆபத்து? முன்னிருக்கையில் இருப்பவரின் கழுத்துக்கும் ஆபத்து. திடீர் பிரேக்குக்குக் கூட நாய் முன்னால் உருண்டு ஓட்டுநரின் காலடியில், பிரேக் மிதிக்கு அடியில் சிக்கிக்கொள்ளலாம். "என் நாய் சாதுவானது, பின்னால் படுத்தே வரும்" என்பது இதற்குப் பதில் ஆகாது.

பிணைப்பதற்கு இரண்டு நம்பகமான வழிகள் உண்டு. ஒன்று, கூண்டு. நாய் எழுந்து நிற்கவும், ஒருமுறை சுற்றித் திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும்; அதைவிட மிகப் பெரிதாக இருந்தால் மோதலின்போது உள்ளுக்குள்ளேயே தூக்கி எறியப்படும். கூண்டைக் காரின் உடலோடு பட்டைகளால் இறுகக் கட்ட வேண்டும். கட்டாத கூண்டு, கட்டாத நாயைவிடக் கனமான எறிபொருள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மற்றது, மார்பை அகலமாக அணைக்கும் ஹார்னஸை இருக்கை பெல்ட்டோடு இணைப்பது. கடைகளில் தொங்கும் ஹார்னஸ்களில் பல, நடைக்குக் கூட்டிச் செல்வதற்கு மட்டுமே உரியவை. மோதல் சோதனையில் தேறியது என்று குறிப்பிட்டிருப்பதைத் தேடி வாங்குங்கள். இணைப்புப் பட்டை, நாய் படுக்கவும் உட்காரவும் இடம் தரும் அளவுக்கு மட்டும் நீளமாக இருக்கட்டும். அந்தப் பட்டையை ஒருபோதும் கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள். ஒரு பிரேக்கில் கழுத்தெலும்பு முறிந்துவிடும்.

முன்னிருக்கை கூடாது. மனிதரின் உடலைக் கருதி வடிவமைக்கப்பட்ட ஏர்பேக், வெடித்து விரியும் வேகத்தில் நாயைக் கொன்றுவிடக் கூடும். ஓட்டுநரின் மடி கூடவே கூடாது. தனி டிக்கி உள்ள காரில் டிக்கிக்குள் வைப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. பின்பக்கம் இருக்கைப் பகுதியோடு சேர்ந்து திறந்திருக்கும் வகைக் கார்களில் அங்கே கூண்டு வைக்கலாம். ஆனால் ஏசி காற்று அங்கே போய்ச் சேருகிறதா என்பதை நாயை ஏற்றுவதற்கு முன் நீங்களே பின்னால் உட்கார்ந்து அறிந்துகொள்ளுங்கள். முன்னால் குளிர்ந்து நடுங்கும்போது பின்கண்ணாடி வழியே வெயில் நேராக விழுந்து அங்கே கொதிக்கும் கார்கள் உண்டு. கண்ணாடிக்கு வெயில் மறைப்புப் போடுங்கள்.

நாய் தலையைச் சன்னலுக்கு வெளியே நீட்டி, காதுகள் காற்றில் பறக்க வரும் காட்சி அழகுதான். ஆனால் அந்த வேகத்தில் வரும் மணல் துகளும் பூச்சியும் கண்ணின் கருவிழியைக் கீறிவிடும். சன்னல் பொத்தானை நாயே காலால் மிதித்துக் கண்ணாடியைத் தன் கழுத்தின் மேல் ஏற்றிக்கொள்வதும் நடக்கக் கூடியது. ஓட்டுநர் பக்கத்தில் உள்ள சன்னல் பூட்டை அழுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை

இதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. வழக்கமாகச் சாப்பிடும் உணவையே, இரண்டு நாளுக்கு மிகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பயணத்தின்போது புதிய உணவைச் சோதித்துப் பார்த்தால் வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். தண்ணீர் எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 முதல் 60 மில்லி என்று கணக்கிட்டு, வெயிலுக்கும் சிந்துவதற்கும் சேர்த்து அதைப்போல் இரு மடங்கு வையுங்கள். கிண்ணம், கழிவு அள்ளும் பைகள், பழைய துண்டுகள், இருக்கை விரிப்பு, மாற்றுக் கயிறு ஒன்று, துவைக்காத அதன் சொந்தப் போர்வை, வழக்கமான மருந்துகள், தடுப்பூசிச் சான்றின் நகலும் அதன் ஒளிப்படமும், அண்மையில் எடுத்த நாயின் முழு உருவப் படங்கள் இரண்டு ஆகியவை போதும். முதலுதவிப் பையில் கட்டுத் துணி, உண்ணி பிடுங்கும் கொக்கி, கண் கழுவும் உப்புநீர், மலவாயில் வைக்கக் கூடிய டிஜிட்டல் வெப்பமானி, வாய்க்கட்டு ஆகியவை இருக்கட்டும். வாய்க்கட்டைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். வலியில் துடிக்கும் நாய் தன்னை வளர்த்தவரையே கடித்துவிடும் என்பதால்தான் அது அங்கே இருக்கிறது.

உங்களுடைய நொறுக்குத்தீனிப் பையை நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம் கலந்த பண்டங்கள், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சர்க்கரையில்லாத சூயிங்கம் ஆகிய எல்லாம் நாய்க்கு நஞ்சு. இவற்றில் சைலிட்டால் மிகக் கொடியது. அரை மணி நேரத்துக்குள்ளேயே இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்திவிடும்.

புறப்படும் நாள்

புறப்படுவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பாக, வழக்கத்தைவிடக் குறைவாக உணவு கொடுங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாம். கிளம்புமுன் நன்றாக நடக்க வைத்து, மலசலம் கழிக்க வைத்து, ஆற அமர ஏற்றுங்கள். நீங்கள் அரக்கப் பரக்க ஓடினால் அந்தப் பதற்றம் அதற்கும் தொற்றிக்கொள்ளும்.

குமட்டல் வருவதற்கு முன்பே அறிகுறிகள் தெரியும். எச்சில் கயிறாக வடியும், ஓயாமல் கொட்டாவி வரும், உதட்டை நக்கும், முனகும். எங்கள் நாய் முதல் பயணத்தில் எச்சில் வடித்தபோது, பசிக்கிறது போலும் என்று நினைத்து நான் ரொட்டித் துண்டு கொடுத்தேன். அடுத்த பத்து நிமிடத்தில் என் தவறு இருக்கை முழுவதும் பரவியது. இந்த அறிகுறிகளைக் கண்டதும் காற்று வர வழி செய்து, முடிந்த இடத்தில் நிறுத்தி, சிறிது நடக்க விடுங்கள். குட்டிகளுக்கு உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு முழுமையாக வளராததால் இந்தத் தொல்லை அதிகம் என்றும், வளர வளரப் பெரும்பாலும் குறைந்துவிடும் என்றும் சொல்வார்கள். ஓட்டுநரின் பங்கும் இதில் உண்டு. வளைவுகளில் வேகத்தைக் குறைத்து, பிரேக்கை மெல்ல அழுத்தி ஓட்டினால் பாதிக் குமட்டல் வராது.

ஒரு வாந்தியை மட்டும் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். குமட்டிக் குமட்டி எதுவும் வெளியே வராமல், வயிறு உப்பி இறுகி, நாய் நிலைகொள்ளாமல் தவித்தால் அது பயணக் குமட்டல் ஆகாது. இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் நிலையாக இருக்கலாம். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு இது அதிகம் வருகிறது. சில மணி நேரத்தில் உயிரைக் குடித்துவிடும் என்பதால், பயணத்தை மறந்துவிட்டு அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வழிநெடுக எந்தெந்த ஊரில் இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை உண்டு என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

வழியில் நிறுத்தும்போது

இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பதினைந்து, இருபது நிமிடம் நிறுத்துங்கள். குட்டிக்கும் முதிய நாய்க்கும் இன்னும் அடிக்கடி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வரிசை ஒன்றே: இஞ்சின் அணையும், எல்லாக் கதவுகளும் மூடியே இருக்கும், உள்ளே இருக்கும் ஒருவர் நாய்க்குக் கயிறு மாட்டி, கயிற்றின் முனையை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வார், அதன் பிறகே பெல்ட் இணைப்பைக் கழற்றுவார், அதன் பிறகே கதவு திறக்கும், "வா" என்று சொன்ன பின்பே நாய் இறங்கும். குழந்தைகள் உடன் வந்தால் இந்த வரிசையைக் கிளம்புமுன்பே சொல்லிப் பழக்குங்கள், ஏனெனில் அவசரத்தில் கதவைத் திறப்பது பெரும்பாலும் அவர்கள்தான். பல மணி நேரம் அடைந்திருந்த நாய்க்கு, முன்பின் அறியாத இடமும் லாரிகளின் இரைச்சலும் சேர்ந்து என்ன செய்யத் தூண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் நாயே அங்கே எதிர்த்திசையில் பாயக்கூடும்.

இறங்குமுன் தரையைத் தொட்டுப் பாருங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஏழு விநாடிகள் தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. புல்லோ நிழலோ உள்ள இடம் தேடுங்கள். வண்டி நிறுத்துமிடங்களில் தேங்கிய நீரைக் குடிக்க விடாதீர்கள். கார்களிலிருந்து ஒழுகும் குளிர்விப்பு நீரில் எத்திலீன் கிளைக்கால் இருக்கலாம். அது இனிக்கும், நாய் விரும்பி நக்கும், சிறிதளவே சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்துவிடும். தடுப்பூசி முடியாத குட்டியைத் தவிர்க்க முடியாமல் அழைத்து வந்திருந்தால், பல நாய்கள் வந்து போகும் புல்வெளியில் இறக்க வேண்டாம்; குட்டிகளின் உயிரைப் பறிக்கக் கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும்.

வெப்பம்

சாப்பிட இறங்குகிறீர்கள், ஐந்து நிமிடந்தானே என்று நாயைக் காருக்குள் விடுகிறீர்கள். வெளியே 21 டிகிரி செல்சியஸ் என்ற இதமான பகலிலேயே, மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 31 டிகிரியும், அரை மணியில் 40 டிகிரியும், ஒரு மணி நேரத்தில் 45 டிகிரியும் ஆகிவிடும். வெளியே 35 டிகிரி என்றால் பத்து நிமிடத்திலேயே உள்ளே 45 டிகிரியைத் தொடும். சன்னலை இரண்டு விரற்கடை இறக்கி வைப்பதால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்பது அளந்து பார்த்து அறியப்பட்ட உண்மை. நிழலில் நிறுத்துவதும் ஓரளவே உதவும்; நிழல் நகரும். சில மின்சாரக் கார்களில் ஆள் இல்லாதபோதும் குளிரூட்டியை இயக்கி வைக்கும் வசதி வந்திருக்கிறது. டெஸ்லா 2019இல் இதை "டாக் மோட்" என்ற பெயரில் கொண்டு வந்தது. கண்ணெதிரே வண்டியை வைத்துக்கொண்டு சில நிமிடம் பயன்படுத்த அது சரி. இயந்திரத்தை நம்பிக் கண்ணுக்கு மறைவாகப் போவதை என்னால் பரிந்துரைக்க முடியாது. இருவர் பயணம் செய்தால் முறை வைத்துச் சாப்பிடுங்கள். தனியாகச் சென்றால் உணவை வாங்கி வந்து நாயோடு சாப்பிடுங்கள். வேறு வழி எதுவும் இல்லை.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. அது 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதுபடத் தொடங்கும். கட்டுக்கடங்காத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், அடர்சிவப்பான ஈறு, தள்ளாட்டம், வாந்தி, மயக்கம் என்று அறிகுறிகள் அடுத்தடுத்து வரும். அப்போது முதலில் குளிரச் செய்யுங்கள், அதன் பிறகு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். குளிர்விக்காமல் ஓட்டிச் செல்லும் ஒவ்வொரு நிமிடமும் இழப்புதான். நிழலில் கிடத்தி, உடம்பு முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள், அல்லது காரின் ஏசி காற்று நேராகப் படும்படி வையுங்கள். ஈரத் துண்டால் போர்த்தி அப்படியே விட்டுவிட்டால் துண்டு சூடாகி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். நினைவிழந்த நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வெப்பமானி 39.5 டிகிரிக்கு இறங்கியதும் நீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எழுந்து வாலாட்டினாலும் போகத்தான் வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தே தெரியவரும்.

இரவுத் தங்கலும் திரும்புதலும்

விடுதியில் நாய்க்கு இடம் உண்டா, எடை வரம்பு உண்டா, தனிக் கட்டணம் உண்டா என்பதை முன்பதிவின்போதே கேட்டு, எழுத்தில் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். அறைக்குள் நுழைந்ததும் நாயைக் கயிற்றோடு வைத்துக்கொண்டே கட்டிலுக்கு அடியிலும் அலமாரி மூலையிலும் பாருங்கள். எலி மருந்தோ, முன்பு தங்கியவர் தவறவிட்ட மாத்திரையோ கிடக்கலாம். அதன் சொந்தப் போர்வையை ஓரிடத்தில் விரித்தால், பழகிய மணம் இருக்கும் அந்த இடம் அதன் இடமாகிவிடும். புதிய அறையில் தனியாக விட்டுப் போனால் ஊளையிடும், கதவைப் பிறாண்டும். முதல் இரவாவது உடன் இருங்கள்.

வீடு திரும்பிய பின் ஓரிரு நாள் சோர்வும் இளகிய மலமும் இருக்கலாம். அது இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். காது மடலின் உட்புறம், அக்குள், கால்விரல் இடுக்கு ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். திரும்பிய ஒரு வாரத்துக்குள் நாயைக் காரில் ஏற்றி, அதற்குப் பிடித்த மைதானம் வரை பத்து நிமிடம் கூட்டிச் சென்று, கொஞ்ச நேரம் ஓடவிட்டுத் திரும்புங்கள். கார்க் கதவு திறந்தாலே பத்து மணி நேரம் என்று அது கணக்குப் போட்டு வைத்திருந்தால் அந்தக் கணக்கு அன்றே மாறிவிடும். அடுத்த பயணத்துக்கு அதை மறுபடியும் முதலிலிருந்து பழக்க வேண்டியிருக்காது.